நான்கு சீசன், ஒரு போன், ஒரு ஜிபிஎஸ் பெட்டி: லேப் டைமர் அனுபவம்

முதல் டிராக் நாளில், அதாவது சொந்த பைக்கைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளில், ஒவ்வொரு லேப்புக்கும் (தடத்தில் ஒரு முழுச் சுற்று) நேரம் எடுக்க என்னிடம் இருந்தது ஒரு போனும் இலவச ஆப் ஒன்றும்தான். போனை லெதர் சூட்டின் மார்புப் பக்க உள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். (தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விழுந்தால் நெஞ்சுக்கூட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பலகை மாட்டிக்கொள்ளும்.) திரும்பி வந்து பார்த்தால், நண்பர் பிட் (வண்டிகள் நிற்கும் தடத்தோர இடம்) சுவரில் நின்று ஸ்டாப்வாட்சில் எடுத்த நேரத்தைவிட ஒரு லேப்பில் அரை வினாடி கூடுதல், அடுத்த லேப்பில் அரை வினாடி குறைவு. எது சரி என்று இருவரும் நெடுநேரம் வாதாடினோம். இரண்டுமே சரியில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

பெரும்பாலான போன்கள் வினாடிக்கு ஒரு முறைதான் ஆப்புக்கு இருப்பிடத்தைக் கொடுக்கின்றன. மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 50 மீட்டர் போய்விடும். தொடக்கக் கோட்டுக்கு 30 மீட்டர் முன்னால் ஒரு புள்ளி, 20 மீட்டர் தாண்டி அடுத்த புள்ளி. நடுவில் கோட்டைக் கடந்த கணத்தை ஆப்தான் கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டும். நேர்பாதையில் இந்த ஊகம் ஓரளவு ஒத்துப்போகும். வளைவில்தான் கதை கந்தல். 80 கி.மீ. வேகத்தில்கூட 22 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால், ஒரு ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு) முழுக்க இரண்டு மூன்று புள்ளிகளில் முடிந்துபோகும். பிரேக்கை எங்கே விட்டேன், த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டர்) எங்கே திறந்தேன் என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளுக்கு இடையில் காணாமல் போகும்.

இரண்டாம் ஆண்டு ப்ளூடூத்தில் போனோடு இணையும் 10 ஹெர்ட்ஸ் ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்று வாங்கினேன்; வினாடிக்குப் பத்து முறை இருப்பிடம் தரும் பெட்டி. மூன்றாம் ஆண்டிலிருந்து 25 ஹெர்ட்ஸ். ஆப்களில் ரேஸ்க்ரோனோ, ஹாரிஸ் லேப்டைமர், டிராக்அடிக்ட் மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ரேஸ்க்ரோனோவிலேயே நின்றுவிட்டேன். மற்றவை மட்டம் என்பதற்காக இல்லை, கை பழகிவிட்டது, அவ்வளவுதான். 1 ஹெர்ட்ஸிலிருந்து 10க்குப் போனபோது மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம். 10லிருந்து 25க்குப் போனது பிரேக் பிடிக்கும் இடங்களில் மட்டும்தான் எனக்குக் கண்ணில் பட்டது. அதே 180 கி.மீ. வேகத்தில் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி வந்தது, 2 மீட்டருக்கு ஒன்றாக ஆனது.

ஆனால் 25 ஹெர்ட்ஸ் என்றால் இருபத்தைந்து மடங்கு துல்லியம் என்று நினைத்துவிடக் கூடாது. இருப்பிடத்தில் ஒன்றிரண்டு மீட்டர் பிழை அப்படியேதான் இருக்கும். ஆகவே வரைபடத்தில் இரண்டு லேப்பின் கோடுகளை வைத்து "இங்கே ஒரு மீட்டர் உள்ளே வந்திருக்கிறேன்" என்று பேசுவது வெறும் ஜோசியம். வேகத்தின் கதை வேறு. செயற்கைக்கோள் சிக்னலின் டாப்ளர் மாற்றத்தை (நகர்வால் அலைவெண் மாறுவது) வைத்து ரிசீவர் அதைத் தனியாகக் கணக்கிடுவதால், அது எவ்வளவோ மேல். நான் கோட்டுப் படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு வேக வரைபடத்தோடு குடித்தனம் நடத்துவது இதனால்தான்.

ஆப்பின் வரைபடத்தில் தொடக்கக் கோட்டை எங்கே வைப்பது என்பதில் முதல் ஆண்டு முழுக்கத் தப்புப் பண்ணினேன். பிட்டிலிருந்து பார்க்க வசதியாக, மெதுவான கடைசி வளைவின் வாயிலில் வைத்திருந்தேன். அங்கே என் வேகம் 60 கி.மீ.; வினாடிக்கு சுமார் 17 மீட்டர். ஒரு மீட்டர் பிழை வந்தாலே 0.06 வினாடி போச்சு. அதே ஒரு மீட்டர், 180 கி.மீ. வேகத்தில் வெறும் 0.02 வினாடி. அதனால் கோடு வேகமான நேர்பாதையில், பாதைக்குச் செங்குத்தாக இருப்பதே நல்லது. அப்புறம் அகலம். கோட்டை ரொம்ப நீளமாக இழுத்தால் பக்கத்தில் ஓடும் இன்னொரு நேர்பாதையையும் அது வெட்டி, ஒரு லேப்பை இரண்டாக எண்ணித் தொலைக்கும். அப்படி ஒரு நாள் நான் உலக சாதனை படைத்தேன்.

ஒரு கிளப் பந்தயத்தில் வண்டியில் மாட்ட டிரான்ஸ்பாண்டர் என்ற சிறு சிக்னல் கருவி கொடுத்தார்கள். தரைக்கடியில் பதித்த கம்பிவளையத்தைத் தாண்டும்போது நேரம் பதிவாகும் முறை. 25 ஹெர்ட்ஸ் பெட்டியையும் கூடவே ஓடவிட்டு ஒப்பிட்டேன். பெரும்பாலான லேப்களில் வித்தியாசம் 0.05 வினாடிக்குள் அடங்கியது. இரண்டு லேப்பில் மட்டும் கால் வினாடி. பெட்டி கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். பார்த்தால், அவர்கள் கோடு ஓரிடத்தில், என் கோடு வேறிடத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒருவருக்கு வழிவிட நான் வேகத்தைக் குறைத்தது, அவர்கள் கணக்கில் ஒரு லேப்பிலும் என் கணக்கில் அடுத்த லேப்பிலும் விழுந்திருக்கிறது.

பெட்டியை எங்கே பொருத்துவது? ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். வால் பகுதிதான் எனக்கு ஒத்துவந்தது. ஃபைபர்கிளாஸ் வாலுக்கு அடியில் ஒளித்து வைத்தாலும் சிக்னல் கிடைத்தது. அழகுக்காகக் கார்பன் ஃபைபர் வால் மாற்றினேன். அன்றிலிருந்து பாதி லேப்கள் தாறுமாறாகப் பதிந்தன. கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள், சிக்னலை மறைத்துவிடும். இது உறைக்க எனக்கு இரண்டு டிராக் நாள் பிடித்தது. இப்போது பெட்டி வாலுக்கு மேலே, வெல்க்ரோவும் அதன் மேல் ஒரு பாதுகாப்புக் கயிறும்.

போனை ஹேண்டில்பாரில் மாட்டிப் பார்த்த காலமும் உண்டு. என்ஜின் அதிர்வு போன் கேமராவின் ஃபோகஸைக் கெடுக்கக்கூடும் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருந்தது. அதைப் படிக்கும் முன்பே, வேறு நிறுவனத்துடைய என் போனின் கேமரா குருடாகிவிட்டது. வெயிலில் திரை சூடேறி மங்குவது, பேட்டரி சேமிப்பு வசதி நடு செஷனில் ஆப்பை மூடிவிடுவது, சரியாக மூன்றாவது லேப்பில் யாராவது போன் பண்ணுவது எல்லாமே நடந்தன. ஃப்ளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ப்ளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்தால் போதும் என்று முன்பே தெரிந்திருக்கலாம்.

சரி, நேரலை டெல்டா. சிறந்த லேப்பைவிட இப்போது எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்று திரையில் பச்சையும் சிவப்புமாக ஓடும் அந்த எண். அதைத்தான் நான் முதலில் ஆசைப்பட்டு வாங்கினேன், அதைத்தான் முதலில் மூடினேன். ஒரு நாள் 0.3 பச்சையில் வந்துகொண்டிருந்தேன். கண் திரைக்குப் போய்த் திரும்புவதற்குள் பிரேக் அடையாளம் பின்னால் போய்விட்டது. சரளையில் நிமிர்ந்த வாக்கில் உருண்டு நின்றேன், விழவில்லை. தற்செயலாகத்தான் விழவில்லை. பயிற்சி கொடுக்கும் மூத்த ரைடர் ஒருவர் பிட்டில் வந்து கேட்டார்: "தம்பி, அந்த நம்பரைப் பார்த்து என்ன பண்ணப்போறே? பிரேக்கை இன்னும் கொஞ்சம் பிடிப்பியா, விடுவியா?" பதில் இல்லை. அன்று மாலையே திரை மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். பல டிராக் நாள் அமைப்பாளர்கள் காப்பீட்டுக் காரணத்துக்காக நேரம் எடுப்பதையே தடை செய்கிறார்கள். அங்கே பெட்டியையே கழற்றிவிடுவேன்.

பலன் வந்தது பிட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான். என் குறை பிரேக்கைச் சீக்கிரம் பிடிப்பது என்று இரண்டு ஆண்டாக நம்பியிருந்தேன். வேக வரைபடத்தில் என்னைவிட இரண்டு வினாடி வேகமான நண்பரின் லேப்பை என் லேப் மேல் போட்டுப் பார்த்தோம். பிரேக் பிடிக்கும் இடம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அவருடைய கோடு பள்ளத்தில் (வளைவில் வேகம் மிகக் குறையும் புள்ளி) இறங்கி உடனே ஏறுகிறது. என்னுடையது இறங்கி, பள்ளத்துக்கு முன்னால் மேசை மாதிரி தட்டையாக நிற்கிறது. பிரேக்கை விட்டுவிட்டு, த்ராட்டிலையும் திறக்காமல் சும்மா உருள்கிறேன்! ஒவ்வொரு வளைவிலும். ஒரு வேகமான வளைவில் 0.7 வினாடி, 120 கி.மீ. வேகத்தில் அது 23 மீட்டர். வண்டி மேல் இருக்கும்போது அந்த நேரம் எனக்கு நிதானமாக, நல்ல கட்டுப்பாட்டோடு ஓட்டுவதாகத் தோன்றியிருக்கிறது.

பிரேக்கை இன்னும் தாமதமாகப் பிடிக்கப் பார்ப்பதை நிறுத்தினேன். அதே இடத்தில் பிடித்து, மெல்ல மெல்ல விட்டு, வளைவுக்குள் கொஞ்சம் எடுத்துச் சென்றேன். அடுத்த செஷனில் லேப் நேரம் 1.1 வினாடி குறைந்தது. பயம் கூடவில்லை, குறைந்தது.

சாய்வுக் கோணம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். போனின் உள் சென்சாரை மட்டும் நம்பும் ஆப்கள் சொல்லும் கோணத்தைச் சுவரில் மாட்டாதீர்கள். சீரான வளைவில் விசை முழுவதும் வண்டியின் நெடுக்குவாட்டிலேயே இறங்குவதால், முடுக்கமானிக்கு வண்டி நிமிர்ந்து நிற்பதாகத்தான் தெரியும். வேகமும் வளைவின் ஆரமும் தெரிந்தால் கணக்கு நம்பகமானது: 80 மீட்டர் ஆரத்தில் 100 கி.மீ. என்றால் சுமார் 44 டிகிரி. அதுவும் வண்டியும் ஆளும் சேர்ந்த எடைமையத்தின் சாய்வு. உடம்பை உள்ளே தொங்கவிட்டால் வண்டி அதைவிடக் குறைவாகச் சாயும், டயர் அகலமானால் கூடுதலாகச் சாயும்.

செக்டர்களில் (லேப்பைப் பிரித்த பகுதிகள்) சிறந்தவற்றைக் கூட்டி ஆப் காட்டும் கற்பனை லேப்பும் ஏமாற்றும். ஒரு செக்டரில் கண்மண் தெரியாமல் உள்ளே பாய்ந்தால் அங்கே நேரம் பிரமாதமாக வரும். வெளியேறும்போது கெட்டுப்போன வேகம் அடுத்த செக்டரின் கணக்கில் எழுதப்படும். கற்பனை லேப் பாய்ந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இப்போது போன் பிட்டில் பைக்குள்ளேயே கிடக்கிறது. பெட்டி தன் நினைவகத்திலேயே பதிந்துகொள்கிறது. செஷனுக்குப் பத்து நிமிடம் முன்பே ஆன் செய்து வெளியில் வைப்பேன். செஷன் முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டே லேப்பை எடுத்து ஒரே ஒரு வளைவைப் பார்ப்பேன். போன வாரம் பார்த்தது நான்காவது வளைவு. அங்கே இன்னும் 0.4 வினாடி சும்மாதான் உருள்கிறேன்.