மகரந்தமா, வௌவால் எச்சமா?

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. சிங்கப்பூர் அப்போது தீவல்ல. சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒட்டிக் கிடந்த பெருநிலத்தின் ஒரு மூலை. இங்கே எம்ஆர்டி ரயில் பாதைக்குத் தோண்டும்போது மெத்தென்ற இரண்டு கடற்களிமண் அடுக்குகளுக்கு நடுவே கெட்டியான மண் தட்டுப்படும். கடல் விலகி, நிலம் வெயிலில் காய்ந்ததன் தடம் அது. அந்த நிலத்தில் நின்றது காடா, புல்வெளியா? இதற்குச் சாட்சி சொல்பவை இரண்டு: மண்ணில் படிந்த பழைய மகரந்தமும், குகைகளில் குவிந்த வௌவால் எச்சமும்.

மகரந்தத்தின் பலம் அதன் வீச்சு. ஆறும் காற்றும் கொண்டுபோன துகள்கள் தென்சீனக் கடலடியில் படிந்து, ஒரு பெரிய வட்டாரத்தையே காட்டுகின்றன. அந்தக் கடலின் தென்பகுதிச் சேற்றில் பனியுகத்திலும் மழைக்காட்டு மரங்கள்தான் மேலோங்கித் தெரிகின்றன. ஆனால் புல் விஷயத்தில் மகரந்தம் தடுமாறும். நுண்ணோக்கியில் புல் மகரந்தம் ஓர் உருண்டை, அதில் ஒரே துளை. மூங்கிலுக்கும் அதே முகம், லாலாங் என்னும் உயரப் புல்லுக்கும் அதே முகம். ஒன்று காட்டுக்குள் வளர்வது, மற்றது வெட்டவெளியில் வளர்வது!

இந்த இடத்தில் வௌவால் எச்சம் எனக்கு ஒருபடி மேல். லாலாங், அருகம்புல் போன்ற வெப்பவெளிப் புற்களில் கார்பன்-13, அதாவது கார்பனின் சற்றுக் கனமான வகை, கொஞ்சம் அதிகம். மரங்களிலும் மூங்கிலிலும் குறைவு. புல்லைத் தின்ற பூச்சி, பூச்சியைத் தின்ற வௌவால், குகைத் தரையில் எச்சம் என்று அந்தக் கணக்கு அழியாமல் வந்து சேர்கிறது. தைப்பூசத்துக்கு நாம் 272 படி ஏறும் மலேசியாவின் பத்துமலையின் குகை எச்சத்தையும் இப்படிச் சோதித்தார்கள். 2010-இல் வெளிவந்த முடிவு: பனியுகத்தில் அங்கே காடு சுருங்கிப் புல்வெளி விரிந்திருந்தது. போர்னியோவின் நியா குகையிலோ காடு அப்படியே நின்றது.

குறை? வௌவால் இரைதேடும் தூரத்துக்கு அப்பால் எச்சம் பேசாது. எந்த மரம் என்றும் சொல்லாது, அதற்கு மகரந்தம்தான். அதனால் 2024-இல் பல இடத்துத் தடயங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, பரந்த புல்வெளியல்ல, பலவகைக் காடுகள் கலந்த நிலம் என்று சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது.

சிங்கப்பூரில் பத்துமலை மாதிரி சுண்ணாம்புக் குகை கிடையாது. அப்புறம், அந்தக் கெட்டி மண்ணிலும் சிக்கல்: காற்றுப்பட்டுக் காய்ந்த மண்ணில் மகரந்தம் எளிதில் சிதைந்துவிடும்.