ஏறிக் காட்டாத குதிரை மாஸ்டர்

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் குதிரைப் பழக்க ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேல்விஷாரத்தில் பாலாற்றை ஒட்டி லாயம் வைத்திருக்கிறார் ஒரு பாய். பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குதிரை பாய் என்று கேட்டால் டீக்கடையிலேயே வழி சொல்வார்கள்.

என்னுடையது மார்வாரிப் பெண் குதிரை, கறுப்பு, பெயர் மல்லி. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைச் சந்தையில் வாங்கியது. இரண்டு காது நுனியும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். அந்த அழகில்தான் வீட்டுக்காரர் மயங்கினார். பள்ளிகொண்டாவுக்கு வந்த பிறகுதான் குணம் தெரிந்தது. கடிவாள வாரை லேசாக இழுத்தாலே தலை வானத்துக்குப் போகும்; இன்னும் கொஞ்சம் இழுத்தால் முன்னங்கால் இரண்டும் மேலே. ஒருநாள் ஆற்று மணலில் காலி சிமென்ட் சாக்கு ஒன்று பறந்ததற்கு மிரண்டு, என்னைக் கீழே தள்ளிவிட்டு ஓடிவிட்டாள். காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் ஏறுவதற்குச் சேணத்தில் தொங்கும் அங்கவடியில் கால் வைத்தாலே வயிறு கலங்கும். அப்பாவின் ஜட்கா குதிரையோடு வளர்ந்தவள் நான். எனக்கே அந்தக் கதி.

முதலில் வேறு ஒருவரிடம் விட்டோம். பூட்ஸ், சாட்டை எல்லாம் பந்தாவாக இருக்கும். அவர் ஏறினால் மல்லி சொன்னபடி கேட்பாள், வீடியோவும் வரும். வீட்டுக்கு வந்து நான் ஏறினால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

பாய் சேணத்தைத் தொடவே இல்லை. வாயோரத்தில் பல் இல்லாத இடைவெளியில் கட்டைவிரலை விட்டு வாயைத் திறந்து, செல்போன் டார்ச் அடித்துக் காட்டினார். நாக்குக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு தழும்பு. “முள்ளு கடிவாளம் போட்டு ஓட்டியிருக்காங்கக்கா. இழுக்க இழுக்க குத்தியிருக்கு. தலையைத் தூக்காம இன்னா பண்ணும்?” என்றார். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்கான 1965ஆம் வருட விதிகளிலேயே முள் கடிவாளத்துக்குத் தடை உண்டு. யார் கேட்கிறார்கள்? கடைவாய்ப் பல்லும் கூராக வளர்ந்து கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. கால்நடை டாக்டரை வரவழைத்து அரம் போட்டு ராவிய பிறகுதான் பழக்கமே ஆரம்பித்தது.

கடிவாளம் கிடையாது, வெறும் தலைக்கயிறுதான். அதுவும் என் கையில். பாய் வேப்பமரத்தடிக் கட்டிலில் டீ கிளாஸோடு உட்கார்ந்துவிடுவார். கயிற்றை மெல்லக் கீழ்நோக்கிப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். தலை ஒரு விரற்கடை இறங்கினாலும் அந்த நொடியே பிடியைத் தளர்த்த வேண்டும். “விடுக்கா, விடு!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். தாமதமாக விட்டால், எதற்காக விட்டோம் என்று அதற்கு விளங்காதாம். போகப் போக மல்லி தலையை என் முழங்கால் வரை இறக்கி, வாயை மென்றுகொண்டு நிற்க ஆரம்பித்தாள்.

சாக்குப் பயத்துக்கு அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு கழியில் அதே மாதிரி சிமென்ட் சாக்கைக் கட்டி, மல்லிக்கு முன்னால் தரையில் இழுத்துக்கொண்டு விலகி விலகிப் போனார். என்னை அவளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரச் சொன்னார். துரத்தினால்தானே பயம், ஓடுகிற சாக்கை நாம் துரத்தினால்? கொஞ்ச நேரத்தில் மூக்கை நீட்டி முகர்ந்தே பார்த்துவிட்டாள். அப்புறம் இதையே வலது கண் பக்கம் ஒருமுறை, இடது கண் பக்கம் ஒருமுறை.

கடைசியில்தான் ஏறச் சொன்னார். ஏறியதும் நடக்க விடவில்லை. ஒரு பக்க வாரை மட்டும் மெல்ல இழுத்து, கழுத்தை என் முழங்கால் பக்கம் வளைத்து, பின்னங்கால்கள் நிற்கும் வரை பிடிக்கப் பழக்கினார். கழுத்து வளைந்திருந்தால் முன்னங்காலைச் சுலபத்தில் தூக்க வராது. யோசிக்காமலே கை அந்த வேலையைச் செய்கிற அளவுக்கு அதையே திரும்பத் திரும்பச் செய்தேன். மல்லி சாதுவாகிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். மிரண்டால் நிறுத்தத் தெரியும் என்று ஆனதும் வயிற்றுக் கலக்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

“நீங்க ஒருதரம் ஏறிக் காட்டுங்க பாய்” என்று கெஞ்சியும் பார்த்தேன். “நான் ஏறினா எங்கிட்ட பழகும். உங்களுக்கு இன்னாக்கா லாபம்?” கொடுத்த காசுக்கு இந்தப் பதில் ஒன்றே போதும் எனக்கு.

குறைகளும் இருக்கின்றன. போனை எடுக்கமாட்டார். மாதம் 8,000 ரூபாய், தீனிச் செலவு தனி. கொள்ளு, தவிடு கணக்கெல்லாம் துண்டுச் சீட்டில்தான், ரசீது கேட்டால் சிரிப்பார். பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. பக்கத்து வீட்டு அம்மா புண்ணியத்தில் சமாளித்தேன். வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது என்பதால் காலை 5:30க்கே அங்கே நிற்க வேண்டும். திட்டு கொஞ்சம் அதிகம். அடுத்த வாரக் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரையைத் தயார் செய்து கொடுங்கள் என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார், போகாதீர்கள்.

இப்போது நடுவில் மூட்டு வைத்த வழவழப்பான கடிவாளம் போட்டு நடையும் துள்ளோட்டமும் போகிறோம். நாலுகால் பாய்ச்சலுக்கு இன்னும் நேரம் வரவில்லை. பாயும் அவசரப்படுத்தவில்லை.

போகிறவர்கள் சொந்த ஹெல்மெட் எடுத்துப் போங்கள். அங்கே இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் பெரிய தலைக்கு. முன்பக்கம் மூடிய செருப்பு, குதிரைக்கும் உங்களுக்கும் டெட்டனஸ் ஊசி, இரண்டும் கட்டாயம். வெள்ளிக்கிழமை லீவு. ரம்ஜான் மாதத்தில் நேரம் மாறும், நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.