வால்வ் கவருக்குள் மணல், கணக்கில் 68,500 ரூபாய் நட்டம்: கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறிய பிறகு எழுதுங்கள் என்று மனைவி சொன்னார். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். 68,500 ரூபாய். எஞ்சின் அறையை அலங்கரிக்கும் சாமான்களை முகநூலில் விற்கும் ஒரு பக்கத்துக்காரனிடம் முழுதாகப் போய்விட்டது. பெயர் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பான், நீங்களும் இவன் வேறு ஆள் என்று நம்பிவிடுவீர்கள். ஆளை விட்டுவிட்டு அவன் செய்யும் வித்தையைப் பாருங்கள். இப்படிப்பட்டவர்களிடமிருந்து தப்புவது எப்படி என்றும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என்னுடையது 1990ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, மடிக்கும் கூரை, 1.6 லீட்டர் எஞ்சின். இன்றைக்கு இப்படி ஒரு பழைய வண்டியை இறக்குமதி செய்வது லேசான காரியமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள்; 2025இல் திரும்ப அனுமதித்த பிறகும் இதன் உதிரிப்பாகங்களுக்குத் தவம் கிடக்க வேண்டியிருக்கிறது. வீடு வெள்ளவத்தையில், கடல் பக்கம். உப்புக் காற்று அலுமினியத்தைச் சும்மா விடாது; போனட்டைத் திறந்தால் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும்.

வார இறுதிகளில் நானே ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்துகொண்டு வந்தேன். ஆல்டர்னேட்டரையும் கேம் சென்சரையும் பொலித்தீனால் கட்டிவிட்டு, கிரீஸ் நீக்கி தெளித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். துருப்பிடித்த பிராக்கெட்டுகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, கறுப்பு அடித்தேன். வயர்களுக்குப் பழைய டேப்பை உரித்துவிட்டுத் துணி டேப் சுற்றினேன். அதெல்லாம் நன்றாகவே வந்தது. மிஞ்சியவை வால்வ் கவர் (எஞ்சினின் உச்சியை மூடும் அலுமினிய மூடி), ரேடியேட்டர் ஹோஸ்கள், ஒயில் மூடி.

வால்வ் கவருக்குச் சிவப்பில் பவுடர் கோட்டிங் செய்ய ஆசை. அதை வீட்டில் செய்ய முடியாது. பொடியை மின்னேற்றி ஒட்டவைத்து, ஏறக்குறைய 200 பாகை செல்சியஸில் சூளையில் வேகவைக்க வேண்டும். கேக் சுடும் அடுப்பில் அதை வைத்தால் மனைவி என்னையும் சேர்த்து வைத்துவிடுவார். அப்போதுதான் இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. பழைய கவர் ஒன்று உள்ளே போகிறது, பளபளவென்று வெளியே வருகிறது, பின்னால் மேளச் சத்தம். பட்டறை, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் என்று போட்டிருந்தது.

நான் எடுத்த எடுப்பில் பணம் அனுப்பும் ஆளில்லை. தொலைபேசியில் பிடித்துக் குடைந்தேன். இந்தக் கவரின் உட்புறத்தில் ஒரு தடுப்புத் தகடு இருக்கிறது. எஞ்சினுக்குள்ளிருந்து வரும் வாயுவோடு கலந்த ஒயிலைத் தடுத்துக் கீழே வடியவிட்டு, வாயுவை மட்டும் மேலே அனுப்புவது அதன் வேலை. தகட்டுக்கும் கவருக்கும் நடுவே விரல் நுழையாத இடுக்கு. தகட்டைக் கழற்றாமல், பழைய பூச்சை உரிக்க மணலை வேகமாகப் பீச்சி அடித்தால் மணி மணியாக அந்த இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். கழுவினால் போகாது. எஞ்சின் ஓடும்போது அந்த அதிர்விலும் சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலில் இறங்கி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் பேரிங்கையும் அரைத்துவிடும். அதிலும் இந்த எஞ்சினில் இருப்பவை ஹைட்ராலிக் லிஃப்டர்கள், அதாவது ஒயில் அழுத்தத்தால் வால்வ் இடைவெளியைத் தாமே சரிசெய்துகொள்பவை. ஒயில் சற்று அழுக்கானாலே டிக் டிக் என்று முறைப்பாடு செய்பவை.

"தம்பி, உள்ளே இருக்கும் தகட்டைக் கழற்றுவீர்களா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "அண்ணா, அதைக் கழற்றாமல் மணல் அடிப்பவன் தொழில்காரனே இல்லை. எத்தனை பேருடைய எஞ்சினை அப்படிக் கொன்றிருக்கிறார்கள் தெரியுமா? திருகாணிகளைச் சூடாக்கிக் கழற்றுவோம், திரும்பப் பூட்டும்போது புது சீலர் போடுவோம். உங்களைப் போல விபரம் தெரிந்தவர்களுக்கு வேலை செய்யத்தான் எனக்கு விருப்பம்."

விழுந்துவிட்டேன். சரியான பதிலைத் தெரிந்து வைத்திருப்பவன் சரியாகச் செய்வான் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? அதே வாக்குறுதியை வட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்பினான். கவருக்கு 26,000, ஜப்பான் சிலிக்கோன் ஹோஸ் தொகுதி 34,000, கடைந்தெடுத்த அலுமினிய ஒயில் மூடி 8,500. பொடி வாங்க வேண்டும், ஹோஸ் கடைசித் தொகுதி என்று சொல்லி முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்டான். வங்கிக்கு அனுப்பினேன். 68,500. முச்சக்கரவண்டியில் ஒரு பையன் வந்து கவரை வாங்கிக்கொண்டு போனான். பற்றுச்சீட்டு பொருளோடு வரும் என்றான்.

பொருள் வந்தது, பற்றுச்சீட்டு வரவில்லை. பெட்டியைத் திறந்ததும் தின்னர் வாசனை மூக்கில் அடித்தது. சூளையில் வெந்த பூச்சுக்கு ஏது வாசனை? தின்னரில் நனைத்த துணியை விளிம்பில் ஒருமுறை இழுத்தேன். துணி குங்குமம் போலச் சிவந்தது. ஸ்பிரே டின் வேலை. கவரைப் புரட்டினேன். தடுப்புத் தகட்டின் திருகாணித் தலைகளில் பழைய ஒயில் கறை அப்படியே உறைந்து கிடந்தது. எந்தக் கருவியும் அவற்றைத் தொடவில்லை. தரையில் வீரகேசரி பத்திரிகையை விரித்து, அதன் மேல் கவரைச் சாய்த்து ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். சரசரவென்று கொட்டியது. தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தால் சீனி போல நறநறக்கிறது. இதைப் பூட்டி ஸ்டார்ட் செய்திருந்தால் எஞ்சின் போயிருக்கும்.

பிறகு ஹோஸ். ஒரு முனையில் சிறு துண்டு வெட்டி, குறட்டில் பிடித்துக் கொளுத்தினேன். சிலிக்கோன் எரிந்தால் வெள்ளைச் சாம்பல்தான் மிஞ்சும். இது கறுப்புப் புகை கக்கி, ரயர் எரிக்கும் நாற்றம் அடித்து, தாராக உருகிச் சொட்டியது. வெட்டிய வாயைப் பார்த்தால் உள்ளே நூல் வலையே இல்லை. சாதாரண ரப்பர் ஹோஸில்கூட அது இருக்கும். 90 பாகையில் அழுத்தத்தோடு ஓடும் தண்ணீரை இது எத்தனை நாள் தாங்கும்? கொழும்பின் காலி வீதி நெரிசலில் வெடித்தால் என்ன கதி? ஒயில் மூடியைப் பற்றிப் பேசவே வெட்கம். குரோம் பூசிய பிளாஸ்டிக்.

அதற்குப் பிறகுதான் நாடகம். படங்களை அனுப்பினேன். "அண்ணா, அது பட்டறைத் தூசி, ஊதிவிடுங்கள்." துணி சிவந்ததைக் காட்டினேன். "எஞ்சின் சூட்டில் இறுகிவிடும் அண்ணா." ஹோஸ் எரிந்த காணொளியை அனுப்பினேன். "ஹோஸை ஏன் கொளுத்தினீர்கள்? எரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்." இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அப்புறம் முதலாளி இந்தியா போயிருக்கிறார் என்றான். அதுவரை அவன்தான் முதலாளி! பிறகு இரண்டு நீலக் குறி மட்டும். பிறகு அதுவும் இல்லை. மனைவியின் தொலைபேசியிலிருந்து புது வாடிக்கையாளர் போல அழைத்தால் முதல் மணியிலேயே எடுத்து, "சொல்லுங்கள் அக்கா" என்று தேனாகக் குழைகிறான். என் குரல் கேட்டதும் லைன் துண்டிப்பு.

பஞ்சிகாவத்தைக்கு நேரில் போனேன். கொடுத்த இலக்கத்தில் இருப்பது ஒரு தையல் கடை. அந்த ஐயா பாவம், என்னைப் போல வேறு சிலரும் வந்து கேட்டார்கள் என்றார். பக்கத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர் என் ஹோஸைக் கையில் வாங்கி ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுங்கள் என்று திருப்பித் தந்தார். கண்ணெதிரே பொருளை வைத்துப் பேசும் அந்த மனிதர்களை விட்டுவிட்டு, மேளச் சத்தத்தை நம்பிப் போயிருக்கிறது என் 68,500 ரூபாய்.

நேற்று இரவு இன்னொன்று. அந்தப் பக்கத்தில் புதுக் காணொளி. சிவப்பு வால்வ் கவர், பளபளப்பு, மேளம். "வெள்ளவத்தை வாடிக்கையாளருக்காக" என்று கீழே. என்னுடைய கவர்!

எப்படித் தப்புவது என்று விரிவாகச் சொல்வதாகச் சொன்னேன். இப்போது பொறுமை இல்லை. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பட்டறையைக் கண்ணால் பார்க்காமல் கவரைக் கொடுக்காதீர்கள்; கொடுப்பதென்றால் தகட்டை நீங்களே கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கோன் என்று சொன்னால் ஒரு துண்டைக் கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான சிலிக்கோன் ஹோஸையும் பெற்றோல் லைனுக்குப் போட்டுவிடாதீர்கள், பெற்றோல் அதை ஊறவைத்துக் கெடுத்துவிடும். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். ஏமாந்தவர்கள் குரல் பதிவுகளை அழிக்க வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். வங்கிச் சீட்டு, மணல் பொட்டலம், எரிந்த ஹோஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை போகிறேன். இதே ஆளிடம் ஏமாந்த வேறு யாராவது இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.