கையில் ஒரு எம்.பி.பி.எஸ். சீட், அடுத்த ரவுண்டில் ஓர் ஆசை: பெங்களூரு வீடுகளுக்கான கணக்கு

கர்நாடக அரசின் கவுன்சலிங்கை நடத்தும் கே.இ.ஏ.யின் முதல் ரவுண்டில் ஒரு தனியார் கல்லூரியில் பி (பிரைவேட்) சீட் வந்திருக்கிறது, வருஷத்துக்கு 11 லட்சம். அகில இந்தியக் கவுன்சலிங்கை நடத்தும் எம்.சி.சி.யின் இரண்டாம் ரவுண்டில் எங்கோ ஒரு வெளிமாநில அரசுக் கல்லூரி விழலாம், விழாமலும் போகலாம். தமிழ்நாட்டிலும் ஒரு விண்ணப்பம் போட்டுவைத்தால் என்ன என்று சித்தப்பா கேட்கிறார். கோச்சிங் சென்டரோ இன்னொரு வருஷம் எழுதினால் அரசு சீட் நிச்சயம் என்கிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் கவுன்சலிங் மாதங்களில் பல வீடுகளில் ஓடும் பேச்சு இதுதான்.

பெரும்பாலானவர்கள் கட்டணத்தை வரிசையாக எழுதிவிட்டுக் குறைந்ததைத் தேடுகிறார்கள். அதோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இந்த சீட்டைப் பிடித்தால் எந்த வாய்ப்பு எந்தத் தேதியோடு போய்விடும்? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முடியும்.

விலை

கர்நாடகத்தில் சீட்டுகள் எழுத்தால் பிரிகின்றன. அரசுக் கல்லூரியில் வருஷக் கட்டணம் சுமார் 60 ஆயிரம். தனியார் கல்லூரியிலேயே அரசு ஒதுக்கீட்டில் வரும் ஜி சீட் ஒன்றரை லட்சத்தை ஒட்டி. அதே வகுப்பறையில் பி சீட்டுக்காரர் கட்டுவது 10 முதல் 12 லட்சம். கியூ, என் என்று வரும் மேனேஜ்மென்ட், என்.ஆர்.ஐ. சீட்டுகள் 25 லட்சத்தைத் தாண்டும். கோலார் தேவராஜ் அர்ஸ், துமகூரு சித்தார்த்தா, மைசூரு ஜே.எஸ்.எஸ். போன்ற டீம்டு (நிகர்நிலை) பல்கலைக்கழகங்கள் எம்.சி.சி. வழியாக நிரம்புகின்றன, டீம்டு என்றால் பெரும்பாலும் வருஷம் 20 லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ என்று எடுத்துக்கொண்டால் தப்பில்லை.

வருஷக் கட்டணம் ஏமாற்றும். முழுச் செலவு இப்படிப் போகிறது. படிப்பு நாலரை வருஷம், பிறகு ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். 11 லட்சத்தை நாலரையால் பெருக்கினால் 49.5 லட்சம், அதாவது 50. இதை வங்கியிலிருந்து வருஷத் தொடக்கத்தில் 10 லட்சமாக ஐந்து தவணையில் எடுக்கிறீர்கள், வட்டி 10 சதவீதம். படிப்புக் காலத்தோடு மேலும் ஒரு வருஷம் அசல் கட்ட வேண்டாம் என்பது வழக்கமான விதி. ஆனால் தனி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தவணைக்கு ஆறரை வருஷம், கடைசித் தவணைக்கு இரண்டரை வருஷம். மொத்த வட்டி 22.5 லட்சம். திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் பாக்கி 72.5 லட்சம், 15 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 78 ஆயிரம். படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் தவணை 54 ஆயிரத்துக்குள் இறங்கும். ஆனால் அதற்கு முதல் வருஷம் மாதம் 8,300 ரூபாயில் தொடங்கி, ஐந்தாவது தவணைக்குப் பிறகு மாதம் 41,600 வரை அப்பா அம்மா சம்பளத்திலிருந்து போக வேண்டும்.

இதே முறையில் ஒன்றரை லட்ச ஜி சீட்டுக்கு மாதத் தவணை பத்தரை ஆயிரம். 25 லட்ச டீம்டு சீட்டுக்கு ஒன்றே முக்கால் லட்சம். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு யாரும் அவ்வளவு சம்பாதிப்பதில்லை; பி.ஜி. படிக்கும் மூன்று வருஷமும் தவணை ஓடும். வீட்டுச் சேமிப்பிலிருந்து பாதிக்கு மேல் போட முடியாதவர்கள் டீம்டு பக்கம் போகக்கூடாது என்பதே எங்கள் கருத்து.

ஹாஸ்டல், மெஸ் தனி. பல கல்லூரிகளில் முதல் வருஷம் ஹாஸ்டல் கட்டாயம் என்பார்கள். வீடு அல்சூரில், கல்லூரி ஒசகோட்டேயில் என்றால் தினம் போய்வருவதும் லேசில்லை. இன்டர்ன்ஷிப் வருஷத்துக்கும் சேர்த்து ஐந்து வருஷக் கட்டணம் கேட்கிறார்களா என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். அந்த அரை வருஷம் பி சீட்டில் ஐந்தரை லட்சம். அட்மிஷன் ஆர்டரில் உள்ளதற்கு மேல் ரசீது இல்லாமல் பணம் கேட்டால், கர்நாடகத்தில் 1984-லிருந்தே நன்கொடைத் தடைச் சட்டம் இருக்கிறது.

கடனில் இன்னொரு சிக்கல். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். பெங்களூரில் இருப்பது பி கத்தா (முறைப்படுத்தாத) மனை என்றால் பல வங்கிகள் தொடுவதில்லை. ஊரில் இருப்பது தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா என்றால் வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, மதிப்பீடு என்று வாரங்கள் போகும். சீட் வந்த பிறகு கல்லூரியில் சேரக் கிடைப்பதோ சில நாள்கள். அதனால் நீட் ரிசல்ட் வந்த வாரமே வங்கிக்குப் போய்க் கொள்கையளவிலான ஒப்புதல் வாங்கிவிடுங்கள். முதல் வருஷப் பணத்தை மட்டும் தனியாக டி.டி. எடுக்கும் நிலையில் வைத்திருங்கள்.

காத்திருப்பதன் விலை

எம்.சி.சி.யில் பதிவு செய்யும்போதே கணக்கு தொடங்கிவிடுகிறது. எல்லா மாநிலத்தவரும் போட்டியிடும் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பொதுப் பிரிவில் திரும்பாத கட்டணம் 1,000, டெபாசிட் 10,000. டீம்டுக்குத் திரும்பாதது 5,000, டெபாசிட் 2 லட்சம். டெபாசிட் திரும்பும்போது எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதற்கே போகும். பிரவுசிங் சென்டர்க்காரர் கார்டில் கட்டிவிட்டு, பிறகு அவரைத் தேடி அலையும் குடும்பங்கள் வருஷா வருஷம் உண்டு.

முதல் ரவுண்டில் கிடைத்த சீட்டில் சேராமல் விட்டால் நஷ்டமில்லை. இரண்டாம் ரவுண்டில் விட்டால் டெபாசிட் போகும். மூன்றாம் ரவுண்டில் சேர்ந்துவிட்டால் ராஜினாமாவே கிடையாது. ஆக உண்மையான முடிவு எடுக்க வேண்டிய இடம் இரண்டாம் ரவுண்டு. அதற்குள் வீட்டில் ஒருமனதாக வரவில்லை என்றால் விதிகளே உங்களுக்காக முடிவெடுத்துவிடும்.

கே.இ.ஏ.யில் சாய்ஸ் 1 என்றால் இந்த சீட் போதும், சேருகிறேன். சாய்ஸ் 2 என்றால் பணம் கட்டிப் பிடித்துவைக்கிறேன், பட்டியலில் இதற்கு மேலே எழுதியது காலியானால் கொடுங்கள் என்று அர்த்தம். கேட்க நன்றாக இருக்கிறது. அதிகம் பேர் மாட்டுவதும் இங்கேதான். மேலே எழுதிய ஒரு கல்லூரி கிடைத்துவிட்டால் கையில் இருந்தது அந்த நொடியே ரத்தாகி அடுத்தவருக்குப் போய்விடும். திரும்பக் கேட்க வழியில்லை. எம்.சி.சி.யின் அப்கிரேடும் இதே விதிதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒன்று. ஒரு மாணவியின் பட்டியலில் 14-ஆவதாக எழுதிய பெங்களூரு கல்லூரி கிடைக்கிறது. மேலே உள்ள 13-இல், 9-ஆவதாக இருப்பது வட கர்நாடகத்தில் ஒரு புதுக் கல்லூரி. கட்டணம் அதிகமுமில்லை, குறைவுமில்லை. ‘வராது, சும்மா இருக்கட்டும்’ என்று ஜூலையில் எழுதியது. இரண்டாம் ரவுண்டில் அதுவே வந்து நிற்கும். சாய்ஸ் 2 கொடுக்கும் முன்பு மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் பார்த்து, ‘கையில் இருப்பதை விட்டுவிட்டு நாளைக்கே இங்கே பெட்டியோடு போவேனா?’ என்று கேளுங்கள். தயங்கினால் அந்த வரியை நீக்குங்கள். மாற்றவும் நீக்கவும் தரும் நாள்கள் குறைவு, கடைசி நாளில் தளமும் நகராது.

எம்.சி.சி.யும் கே.இ.ஏ.யும் சேர்ந்தவர்கள் விவரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டாம் ரவுண்டு முடிந்து மாநிலக் கவுன்சலிங்கில் சீட் வைத்திருப்பவருக்கு எம்.சி.சி. மூன்றாம் ரவுண்டில் இடமில்லை. இரண்டு இடத்தில் ஒரே சமயம் சேர்ந்திருக்கவும் முடியாது, எம்.சி.சி. இரண்டாம் ரவுண்டில் வந்ததற்குப் போக வேண்டுமானால் கே.இ.ஏ. சீட்டை அதன் கடைசித் தேதிக்குள் விட்டாக வேண்டும். அசல் சான்றிதழ்களை ஒப்படைத்திருந்தால் அவற்றை மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் போய் மீட்டு, ரயிலோ விமானமோ பிடித்து, அங்கே கடைசி நாள் மாலைக்குள் நிற்க வேண்டும். போக்குவரத்துக்கு மட்டும் குறைந்தது இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

சரி, எப்போது காத்திருக்கலாம்? கடந்த இரண்டு மூன்று வருஷங்களின் க்ளோசிங் ரேங்கை (கடைசியாக சீட் கிடைத்தவரின் ரேங்க்), உங்கள் பிரிவு, உங்கள் சீட் வகை, ஒவ்வொரு ரவுண்டு என்று தனித்தனியாக எழுதுங்கள். உங்கள் ரேங்க் எல்லா வருஷமும் இரண்டாம் ரவுண்டு எல்லைக்குள் இருந்தால் காத்திருக்க நியாயம் உண்டு. ஒரே ஒரு வருஷம், அதுவும் கடைசி ரவுண்டில்தான் உள்ளே வருகிறது என்றால் அது லாட்டரி. அகில இந்திய ஒதுக்கீட்டில் பொதுப் பிரிவுக்கு ரேங்க் 20 ஆயிரத்துக்கு மேல் போகப் போக அரசு எம்.பி.பி.எஸ். அரிதாகிறது. நடுவில் புதுக் கல்லூரிகளும் கூடுதல் இடங்களும் சேர்ந்தால் எல்லை கொஞ்சம் நகரும். அதை போனஸாக வைத்துக்கொள்ளலாம், நம்பிக் கையில் உள்ளதை விடக்கூடாது.

பி சீட்டா, தூரத்து அரசுக் கல்லூரியா?

இங்கே தயக்கமே வேண்டாம். மகாராஷ்டிர அரசுக் கல்லூரியில் படித்தால் ஒரு வருஷ அரசுப் பணி, இல்லையென்றால் 10 லட்சம் பாண்டு. அந்த 10 லட்சத்தை முழுசாகக் கட்டிவிட்டு வந்தாலும் பி சீட்டைவிடப் பல லட்சம் மிச்சம். கர்நாடகத்திலும் கட்டாயப் பணிச் சட்டம் இருக்கிறது. இந்தி புரியாது, சாப்பாடு ஒத்துக்காது என்பவை முதல் ஆறு மாதக் கஷ்டங்கள். சேருமுன் பார்க்க வேண்டியது பாண்டுக் காலம், நடுவில் விட்டால் அபராதம், இரண்டு மட்டும்.

தமிழ்நாட்டு ஆசை

பி சீட்டுக்கும் தமிழ்நாட்டுச் சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே அந்த சீட் 4 லட்சத்துக்கு மேல், மேனேஜ்மென்ட் 13 லட்சத்துக்கு மேல். அரசுக் கல்லூரி சில ஆயிரங்கள்தான். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை வெளியில் படித்திருந்தாலும், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் பிறப்பிட/இருப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் படிப்பு, சாதி, முகவரி ஆவணங்களும் காட்டி மாநில ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை: தமிழ்நாட்டுப் பூர்வீகம் கோருபவர் வேறு மாநிலத்தில் பூர்வீகம் கோரியிருக்கக் கூடாது. பெங்களூரில் ஏழு வருஷம் படித்து, இங்கேயே எஸ்.எஸ்.எல்.சி. அல்லது பி.யு.சி. முடித்து, கர்நாடக ஒதுக்கீட்டில் ஜி சீட் கேட்டவர் அங்கேயும் கேட்டால் இரண்டும் போகும் ஆபத்து. மாமா வீட்டு முகவரியில் சான்று வாங்கித்தரும் ஏஜென்டுகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிடிபட்டால் படிப்பின் நடுவிலும் சீட் போகும். பூர்வீகம் கேட்காத தமிழ்நாட்டு மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அந்தக் கட்டணத்தில் பெங்களூரு பி சீட்டே மலிவு.

எந்தப் பக்கம் போவது என்பதைச் சாதிச் சான்றும் தீர்மானிக்கும். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்று கே.இ.ஏ.யில் செல்லாது, கர்நாடகப் பட்டியலில் உங்கள் சமூகம் இருந்து, இங்குள்ள தாசில்தார் ஆர்.டி. எண்ணோடு (சான்றின் பதிவு எண்) கொடுத்தால்தான் 2ஏ, 3ஏ போன்ற இடஒதுக்கீடு எல்லாம். எம்.சி.சி.க்கு மத்திய பட்டியல்படி ஓ.பி.சி. சான்று தனி, நடப்பு நிதியாண்டில் வாங்கியது. மூன்றையும் ஒன்றென்று நினைத்துப் பொதுப் பிரிவுக்குத் தள்ளப்படுபவர்கள் அதிகம். இதை ஏப்ரலிலேயே முடித்துவிட வேண்டும்.

டிராப் எடுப்பது

டிராப் என்றால் இந்த வருஷம் எங்கும் சேராமல் மறுபடி நீட் எழுதுவது. கோச்சிங், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்தாலும் பி சீட்டின் அரை வருஷக் கட்டணத்தைத் தாண்டாது. பணக் கணக்கில் டிராப் மலிவு. ஆனால் மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2024-இல் 720-க்கு 720 எடுத்தவர்களே திருத்திய முடிவில் 17 பேர். 2025-இல் முதலிடமே 686. பொதுப் பிரிவுத் தகுதி மதிப்பெண் 162-லிருந்து 144-க்கு இறங்கியது. ‘போன தடவை 560, இந்தத் தடவை 60 கூட வாங்கினால் போதும்’ என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. ரேங்கைத்தான் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒரு டிராப் எடுத்தவருக்கு மூன்றாவது முயற்சியைப் பரிந்துரைக்க மாட்டோம். முதல் முயற்சிக்காரர், இயற்பியலில் மட்டும் சரிந்தவர், ஜி சீட் எல்லையிலிருந்து சில ஆயிரம் ரேங்க் தள்ளி நிற்பவர் என்றால் பி சீட்டை விட்டுவிட்டு எழுதுவது நியாயமான பந்தயம்.

வெளிநாட்டைப் பற்றி ஒரே வரி: 54 மாதம் ஆங்கிலவழிப் படிப்பு, அங்கேயே 12 மாத இன்டர்ன்ஷிப், இந்தியாவில் தேர்வு, மறுபடி 12 மாத இன்டர்ன்ஷிப் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் பி சீட்டோடு வித்தியாசம் சுருங்கும்.

டிராப் எண்ணம் மனதில் இருப்பவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். மூன்றாம் ரவுண்டு வரை சீட் இல்லாமல் வந்துவிட்டு, ‘கடைசியாகப் பார்ப்போமே’ என்று மிஞ்சிய இடங்களை நிரப்பும் எம்.சி.சி. ஸ்ட்ரே ரவுண்டில் சாய்ஸ் கொடுப்பார்கள். அங்கே ஒரு சீட் விழுந்து, சேராமல் விட்டால் டெபாசிட் போவதோடு அடுத்த வருஷ நீட் எழுதவும் தடை. டீம்டு 2 லட்சமும் போய், டிராப் வருஷமும் போய்விடும். ஸ்ட்ரே பட்டியலில் எழுதும் ஒவ்வொரு கல்லூரிக்கும் முதல் வருஷ டி.டி. எடுக்கத் தயாரா என்று பார்த்து, இல்லையென்றால் பதிவையே விட்டுவிடுங்கள்.