ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் பார்வையாளர் மாடம்: அம்மாவோடு போய்வந்த அனுபவம்

அக்கா பையன் ராக்கெட் பார்க்கப் போகணும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான், அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். கண்டிப்பாகப் போங்கள். இஸ்ரோ 2019-ல் பொதுமக்களுக்காகத் திறந்த மாடம் இது, கட்டணம் கிடையாது. ஏவும் தேதியை அறிவித்ததும் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், பெரிய ராக்கெட் என்றால் இடம் மளமளவென்று தீர்ந்துவிடும்.

நான் போனது சந்திரயான்-3 கிளம்பிய அன்று, 2023 ஜூலை 14. மதியம் 2:35-க்குத்தானே என்று விடியற்காலையிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதலில் பழவேற்காடு போனேன். (வாடகைக் காரில் ஏசி வேலை செய்யவில்லை, முன்கூட்டியே சரிபார்த்து எடுங்கள்.) நீங்களும் இப்படியே போகலாம். ஒரே ஏரிதான், தெற்குப் பக்கம் பழவேற்காடு, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். இப்போது பார்ப்பதற்கு மிச்சம் இருப்பது அவர்களுடைய கல்லறைத் தோட்டம்தான். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லைப் பார்த்துவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இவ்வளவு தூரம் கப்பல்ல வந்தது இங்க மண்ணுக்குள்ள போறதுக்காடா?" என்று கேட்டாள். துணிக்காக வந்தார்கள் என்றேன். இங்கே நெய்த துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கிழக்கே தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கலாம், அதை ஐரோப்பாவில் விற்றால் கொள்ளை லாபம். பங்கு போட்டுப் பணம் சேர்த்த கம்பெனி, போட்ட பணம் திரும்பி வந்தாக வேண்டும். துணியோடு நிற்கவில்லை, இந்தக் கரையிலிருந்து ஆட்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றிப் படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். கடல் கடந்து போவது என்றாலே வீரம், ஆர்வம் என்று பள்ளியில் படித்த எனக்கு அந்த வாசலில் நின்றபோது மனசு கனத்துவிட்டது.

சரி, அங்கிருந்து சூலூர்பேட்டை. அதைத் தாண்டினால் ஏரியின் நடுவே போகும் சாலை, இரண்டு பக்கமும் தண்ணீர். அந்தச் சாலைக்காகவே ஒருமுறை போகலாம்.

மாடம் என்றால் கிரிக்கெட் மைதானத்தில் இருப்பது போலப் படிப்படியான இருக்கைகள், பெரிய திரை, ஒலிபெருக்கியில் வர்ணனை. தொப்பி, தண்ணீர், குடை இல்லாமல் போகாதீர்கள், ஜூலை வெயில் மண்டையைப் பிளக்கும். எங்கள் பக்கத்தில் நெல்லூரிலிருந்து வந்த ஒருவர் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். கவுன்ட்டவுன் கடைசிப் பத்தை எட்டியதும் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று எல்லோரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் வெளிச்சம்தான். மரங்களுக்கு மேலே ஆரஞ்சாக ஒன்று எழுந்தது, கண் கூசியது. "சத்தமே இல்லையே" என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, சத்தம் வந்து சேர்ந்தது. காதில் கேட்பது மாதிரி இல்லை, நெஞ்சுக்கூட்டில் யாரோ விடாமல் தட்டுவது மாதிரி. 640 டன் எடை, அதைத் தரையிலிருந்து தூக்குவது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள் மட்டும்தான், நடுவில் இருக்கும் திரவ எஞ்சின் ஏறக்குறைய 108 விநாடி கழித்து மேலே போனபிறகுதான் பற்றும். இதை வீட்டிலேயே படித்துவிட்டுப் போனேன், ஆனாலும் அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அம்மா என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்திருந்தது, அது கூட வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது. நெல்லூர்க்காரர் அழுதுகொண்டிருந்தார்.

நிலாவில் யாருக்கும் ஜாதிக்காய் கிடைக்கப்போவதில்லை. ராக்கெட்டும் சேர்த்து 615 கோடி ரூபாய், நாட்டில் தலைக்கு நாலரை ரூபாய்க்குள் அடங்கிவிடும். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மக்கள் பணத்தில் போகிற பயணத்தை மக்களே கதவு திறந்து உள்ளே வந்து பார்க்க முடிகிறது, அங்கே கண்டுபிடிப்பது எந்தப் பங்குதாரருக்கும் சொந்தமில்லை. காலையில் அந்தக் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்ததால்தான் இது எனக்கு இவ்வளவு உறைத்தது என்று நினைக்கிறேன். தெரியாததைப் போய்ப் பார்க்கும் ஆசை மனுஷனுக்கு எப்போதும் உண்டு, கூடவே யார் கணக்கில் போகிறோம் என்பதும் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. கிளம்புவது நிச்சயமில்லை. 2019 ஜூலை 15 அதிகாலை சந்திரயான்-2-ஐ 56 நிமிடம் மிச்சமிருக்கும்போது நிறுத்தினார்கள், ராத்திரி முழுக்கக் காத்திருந்தவர்கள் அப்படியே திரும்பினார்கள், அது கிளம்பியது 22-ஆம் தேதி. லீவு போட்டுப் போகிறவர்கள் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வெளியே வரும்போது வண்டிகள் ஒரே சாலையில் ஊர்ந்துதான் வரும், வீடு சேர இரவாகிவிட்டது. கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், நாங்கள் கொண்டுபோன புளிசாதம்தான் காப்பாற்றியது.

ஆகஸ்ட் 23 சாயங்காலம் அம்மா ஐந்து மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். 6:04-க்குச் சந்திரயான்-3-ன் விக்ரம் லேண்டர் நிலாவில் இறங்கியதும் எதிர்வீட்டு அத்தையைக் கூப்பிட்டு, "பத்திரமா போய்ச் சேர்ந்துருச்சு, நான் வழியனுப்பிட்டு வந்தேனே, அதுதான்" என்றாள்.