மூன்றே நாளில் ஸ்டெம் செல்லா? ஊருக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

வெளிநாட்டிலிருந்து நாலு வார லீவில் ஊருக்கு வந்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு (உடலின் எதிர்ப்பு அணுக்களே மூளை, முதுகுத்தண்டு நரம்புகளைத் தாக்கும் நோய்) ஸ்டெம் செல் சிகிச்சையையும் முடித்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, விசாரித்துத் திரும்பியதில் தெரிந்தவை.

‘மூன்றே நாள், அட்மிஷன்கூட வேண்டாம்’ என்றால் அது மீசன்கைமல் செல், ரத்தம் உண்டாக்காத ஒருவகை ஸ்டெம் செல். கொழுப்பிலிருந்தோ மஜ்ஜையிலிருந்தோ எடுத்து ரத்தக்குழாயிலோ முதுகுத்தண்டு நீரிலோ ஏற்றுவார்கள். மஜ்ஜை செல்லை ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்த மெசெம்ஸ் ஆய்வு 2021இல் வெளியானது. 144 பேரில் செய்தும், எம்.ஆர்.ஐ.யில் தெரியும் புதிய அழற்சி குறையவில்லை. முதுகில் போட்டால் மூளையுறைத் தொற்று அபாயமும் சேரும்.

பலன் தெரிந்தது வேறொன்றில். நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து உறையவைத்து, கீமோவால் எதிர்ப்பு அணுக்களைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஏற்றுவது. 2019இல் வந்த மிஸ்ட் ஆய்வில் பிரிவுக்கு 55 பேர். ஊனம் கூடியவர்கள் இதில் 3, வழக்கமான மருந்து எடுத்த பிரிவில் 34. எல்லோரும் நோய் விட்டுவிட்டு வரும் வகையினர். பல வருடமாக அழற்சியே இல்லாமல் மெல்லத் தேய்கிறவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். போன நரம்பை இது முளைக்க வைக்காது.

இதற்கு நாலு வாரம் போதாது. அந்த ஆய்வின் முறைப்படி முதலில் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 2 கிராம் சைக்ளோபாஸ்பமைட் என்ற கீமோ மருந்து, பிறகு ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குக் கொண்டுவர தினமும் ஃபில்கிராஸ்டிம் ஊசி, பத்தாம் நாள் வாக்கில் செல் பிரித்தெடுப்பு. உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் சிடி34 செல்லாவது (சிடி34 என்பது ஸ்டெம் செல்லின் அடையாளம்) சேரவேண்டும். சேராவிட்டால் மறுநாளும் இயந்திரத்தில் படுக்கவேண்டும். சில வாரம் இடைவெளி. அப்புறம் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைட்டை நாலு நாளில் பிரித்து, கூடவே எதிர்ப்பு அணுக்களை அழிக்கும் ஏ.டி.ஜி. மருந்து. செல் ஏற்றிய பின் பத்து நாள் போல வெள்ளணு அடிமட்டத்தில் கிடக்கும், காய்ச்சல் வந்தால் உடனே ஆன்டிபயாடிக். இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம்: செல் எடுப்பதற்காகப் போடும் முதல் டோஸே கீமோதான். விந்து, கருமுட்டை சேமிப்பு அதற்கு முன்பே முடிந்திருக்கவேண்டும். இந்நோய்க்கான நாட்டலிசுமாப் மருந்து எடுத்தவர் என்றால், அதனால் மூளையில் வரக்கூடிய ஜேசி வைரஸ் தொற்று இல்லை என்று எம்.ஆர்.ஐ.யும் முதுகு நீர்ப் பரிசோதனையும் காட்டாமல் தொடங்கக்கூடாது.

விமானம் ஏறுமுன் நாள்வாரி மருந்து அளவு, ஏற்றிய சிடி34 எண்ணிக்கை, வெள்ளணு மீண்ட தேதி எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ரத்தம் ஏற்றவேண்டி வந்தால் ‘கதிர்வீச்சு செய்த ரத்தம் மட்டும்’ என்ற குறிப்பும் இருக்கட்டும். அங்கே போனதும் இ.பி.வி., சி.எம்.வி. வைரஸ்களுக்கான ரத்தப் பரிசோதனை தொடரவேண்டும். சிறுவயதுத் தடுப்பூசிகளை மறுபடி போடவேண்டியிருக்கும். உயிருள்ள வகை மட்டும் இரண்டு வருடத்துக்கு முன்னால் வேண்டாம்.