நீல பம்ப்: அவசரத்துக்குச் சரி, அன்றாடத்துக்கு வேண்டாம்

சல்பூட்டமால் இன்ஹேலரை எங்கள் ஆலங்குளம் பக்கம் யாரும் பேர் சொல்லிக் கேட்பதில்லை. "அண்ணாச்சி, நீல பம்பு ஒண்ணு" என்பார்கள். மருந்துக்கடையில் நிற்பவன் நான். எனக்கும் இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. ஆகவே கவுண்டருக்கு இரண்டு பக்கமும் இருந்து சொல்கிறேன்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். ஆடிச் சாரலோ பீடித்தூளோ நெஞ்சை அடைத்தால், ஐந்து நிமிடத்தில் மூச்சு இறங்கும். கை கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான்.

ஆனால் தினமும் அடிக்கிறவர்கள் சீக்கிரமே வந்து நிற்பார்கள்: "முன்ன மாதிரி கேக்க மாட்டேங்கு, டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட் இல்லை. மூச்சுக்குழல் தசைச் செல்லின் மேல்பரப்பில் பீட்டா-2 என்ற ஏற்பி, அதாவது மருந்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம், இருக்கிறது. மருந்து அதில் உட்கார்ந்தால் தசை தளரும். அப்படி மருந்து உட்கார்ந்த ஏற்பியின் உள்பக்க வாலில், செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அந்த பாஸ்பேட்டைப் பார்த்து அரெஸ்டின் என்ற புரதம் வந்து பற்றிக்கொள்ளும். மேற்கொண்டு சேதி உள்ளே போகாது. ஓயாமல் கூப்பிட்டால் வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வது போலத்தான். பிறகு ஏற்பியையே செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாஸ்பேட்டைக் கழற்றினால் மறுபடி மேலே வரும். தொல்லை நீண்டால் யுபிக்விட்டின் என்ற இன்னொரு ஒட்டு விழும். அதோடு ஏற்பி சிதைக்கப்படும். இந்த ஏற்பிக் குடும்பத்தை ஆராய்ந்ததற்குத்தான் லெஃப்கோவிட்ஸ், கோபில்கா என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2012-ல் வேதியியல் நோபல்.

பழியை முழுக்க பாஸ்பேட் மேல் போடவும் கூடாது. குழலுக்குள் இருக்கும் வீக்கத்தை இந்த பம்ப் தொடுவதே இல்லை. அதற்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு வேண்டும்; அது புதிய பீட்டா-2 ஏற்பிகள் உருவாகவும் உதவும். 2019-லேயே ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு நீல பம்பை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்றுவிட்டது. எங்கள் ஊரில் ஸ்டீராய்டு என்றாலே பயம். டாக்டர் எழுதிய சீட்டில் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம்.

என் ஒரே மனத்தாங்கல், நான் வாங்கிய பம்பில் எண்ணிக்கை காட்டும் வசதி இல்லை. 200 அழுத்து முடிந்த பிறகும் வாயு மட்டும் 'புஸ்' என்று வந்துகொண்டிருக்கும். குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எண் காட்டும் மாடல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கூடவே பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழலான ஸ்பேசர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் பாதி மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும்.